அட்லஸில் ஒட்டிய கொழுப்பு

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் நகரில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தபோது அந்தப் பெருமை என் நடையிலேயே தெரிந்திருக்கும்.

உடற்கூற்றியல் படப் புத்தகமான அட்லஸில், இரத்தக் குழாய்களில் நாடி சிவப்பு, நாளம் நீலம்; நரம்பு மஞ்சள். முதல் நாள் வெட்டிப் பார்த்த பிணத்திலோ எல்லாமே ஊறிய சாம்பல் நிறம். பிணம் அழுகாமல் இருக்கப் போடும் ஃபோர்மலின் நெடி தொண்டைக்குள் இறங்கியது. பக்கம் புரட்டியபோது கையுறையில் இருந்த கொழுப்பு அட்லஸின் அட்டையிலும் ஒட்டியது. துடைக்கவும் அருவருத்து, அப்படியே கொண்டுவந்து வீட்டு வாசலில் போட்டேன்.

அம்மாவின் கால் தவறுதலாக அதில் பட்டது. உடனே குனிந்து, அட்டையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயோ அம்மா, அதில பிணத்தின்ர கொழுப்பு கிடக்கு."

அம்மா ஓங்காளித்தபடி ஓடிப்போய் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். எனக்கும் குமட்டியது.

"என்னால ஏலாது. நான் படிப்பை விடப்போறன்" என்றேன்.

"விடுறதெண்டா விடு, பிள்ளை. அதுக்காகப் படிக்கிற புத்தகத்தை நிலத்திலயோ போடுறது?"

ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அட்டையைத் துடைத்து மேசையில் வைத்தார்.

அடுத்த நாளும் பிணத்தின் முன்னால் எனக்குக் குமட்டியது. அருவருப்பு போனபிறகுதான் படிக்கவேண்டும் என்றில்லை என்று நினைத்துக்கொண்டு, கத்தியை எடுத்தேன்.