ஒட்டுக்குக் கீழே வளர்ந்த துளிர்

சபையாரே, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் கோடையில், அரியலூர் ரோட்டில் சைக்கிளில் போன என் கணவர்மேல் சுண்ணாம்புக்கல் லாரி மோதியது. அங்கேயே உயிர் போய்விட்டது. லாரியை ஓட்டியவன் எங்கள் தெருக்காரன், குமார். முன்னால் போன வண்டி கிளப்பிய புழுதியில் ஆள் தெரியவில்லை என்று கதறினான். என் காதில் ஏறவில்லை. அவன் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினேன்.

நான் ஞானஸ்நானம் பெற்றவள்தான். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கும் போனேன். ஆனால் உள்ளே கசப்பு ஊறிக்கொண்டே இருந்தது. வீட்டில் எந்நேரமும் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். எட்டாவது படிக்கும் என் மகள் ரூத் ஒருநாள் துணிப்பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

"அம்மா, உன்னப் பாத்தாலே பயமா இருக்கு. நான் மாமா வூட்டுக்கே போயிடுறேன்."

அவரும் போனார், இனி பிள்ளையும் போய்விடுவாளா? உடைந்துபோனேன். "ஆண்டவரே, அவனை மன்னிக்க என்னால் ஆகாது. நீர் எனக்குள் இருந்து செய்யும்" என்று அழுதேன்.

மறுநாள் காலை, கணவர் கடைசியாக நட்ட முந்திரி ஒட்டுக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். ஒரு கன்றில் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே, நாட்டுத் தண்டிலிருந்து துளிர் தளதளவென்று வளர்ந்திருந்தது. அதைக் கிள்ளாமல் விட்டால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். மேலே ஒட்டிய நல்ல கிளை காய்ந்துவிடும். எங்கள் பக்கம் இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவர் கைபட்ட செடி. ஓர் இலையைக்கூடக் கிள்ள மனம் வராமல் விட்டிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் கசப்பையும் இப்படித்தானே வளர்த்திருக்கிறேன்! கணவர்மேல் வைத்த பாசம் என்று நினைத்து அதற்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். கிறிஸ்து என்னில் ஒட்டவைத்த தம்முடைய உயிரோ மேலே வாடிக்கொண்டிருக்கிறது. "இயேசுவே" என்று சொல்லி அந்தத் துளிரைக் கிள்ளினேன். வாய்விட்டு அழுதேன். எழுந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. ஆண்டவர் எனக்குள்தான் இருந்தார். அன்றுதான் அதை உணர்ந்தேன்.

திரும்பும் வழியில் குமார் எதிரே வந்தான். என்னைக் கண்டதும் வழக்கம்போல் சந்துக்குள் திரும்பப் பார்த்தான்.

"குமாரு, நில்லுப்பா. வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"அக்கா..." என்றவன் தலைகுனிந்தபடி என் பின்னால் வந்தான்.

மண்ணை வாரித் தூற்றிய அதே கையால் அவனுக்குச் சோறு போட்டேன். ரூத் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் துணிப்பையை அவிழ்த்துவிட்டாள்.

இன்றும் லாரிச் சத்தம் கேட்டால் சில நாள் வயிறு எரியும். கீழிருந்து துளிர் வரத்தான் செய்யும். இயேசுவின் பெயரைச் சொல்லிக் கிள்ளிப் போடுகிறேன். நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

உங்களில் யாருக்காவது ஒருவரை மன்னிக்கவே முடியவில்லையா? முடியவில்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.