கூவலுக்கு அடித்த பந்து

ஏற்காட்டு மலையில் எஸ்டேட் முதலாளிகள் கூடி விளையாடும் ஒரு சிறிய கோல்ஃப் கிளப் இருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறவர்களின் மட்டைப் பை சுமக்க வருகிறவர்களில், பந்தை நெடுந்தூரம் அனுப்புவதில் கருப்பண்ணனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் தூரமாக அடித்துவிட்டால் மட்டும் ஆட்டம் முடிந்துவிடாது. கடைசியில் பந்து, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் போய் விழ வேண்டும். கொடி கண்ணெதிரே நிற்கும்போது, கையை அடக்கி அடிக்கிற அந்தக் கிட்டத்து அடிதான் அவனுக்கு வராது. மட்டை பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே, எங்கே விழப்போகிறது என்று பார்க்கத் தலை நிமிர்ந்துவிடும். பந்து வலப்பக்கம் சறுக்கி உண்ணிப் புதருக்குள் போய்விடும்.

"கருப்பண்ணா, உன்ற பந்துக்குக் கொடியக் கண்டா வெக்கமாட்ட இருக்குது. ஒதுங்கி ஒதுங்கிப் போவுதே" என்பான் கூடவே பை சுமக்கும் சூசைமாணிக்கம். கருப்பண்ணனும் சேர்ந்து சிரிப்பான்.

சிரிக்க முடியாத வருஷம் ஒன்று வந்தது. அவனும் மனைவி மருதாயியும் வேலை பார்த்த காபி எஸ்டேட் கை மாறியது. நிரந்தர வேலையில் இல்லாதவர்கள் தை கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கணக்கெழுதும் ரைட்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். இருவரும் தினக்கூலிகள். தாத்தா காலத்தில் ராசிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். திரும்பிப் போகக் கீழே ஒரு பிடி மண்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கிளப் மைதானத்தில் புல் வெட்டிக் காவல் பார்த்த வெங்கடாசலம் இறந்துபோனார். அந்த வேலைக்கு மைதானத்து ஓரத்திலேயே ஓட்டு வீடு ஒன்று உண்டு. ஆள் எடுப்பதைக்கூட ஒரு வேடிக்கையாக்கினார் கிளப் செக்ரட்டரி ஞானசுந்தரம். "தை மாசம் பை தூக்குறவங்களுக்கு ஒரு போட்டி வெக்கறோம். ஜெயிக்கிறவனுக்கு வேலையும் வீடும். நல்லா ஆடத் தெரிஞ்சவனுக்குத்தான் புல்லோட அருமை தெரியும்" என்றார்.

அன்று மாலை மருதாயி அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கிட்டத்து அடி உங்களுக்கு வருமுங்களா?"

"வரும் புள்ள."

"இத்தன வருசமா வராதது இப்ப எப்படிங்க வரும்?"

மறுநாள் விடியலிலிருந்து, எஸ்டேட்டில் கைவிடப்பட்ட பழைய நாற்றங்கால் மேட்டில், கிளப்பில் யாரோ கழித்துப்போட்ட இரும்பு மட்டையை வைத்துப் பழக ஆரம்பித்தான். ஒரு குச்சியில் துணி கட்டி நட்டு அதைக் கொடியாக வைத்துக்கொண்டான். குச்சியைப் பார்த்தால் போதும், தலை எழும்பிவிடும்.

ஐப்பசியில் ஒரு காலை பனி இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவனைத் தேடி வந்த மருதாயி, குச்சிக்குப் பக்கத்தில் நின்று கூவினாள். பனியில் காபிப் பழம் பறிக்கிற பெண்கள் அப்படித்தான் கூவுவார்கள். யார் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று தெரியும். காட்டெருமை இருந்தாலும் விலகிப் போகும். ஒருத்தி கூவினால் அடுத்தவள் எதிர்கூவல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், கூவியவள் வரிசையை விட்டு வெளியே வந்து மறுபடி கூவுவாள்.

கருப்பண்ணன் விளையாட்டுப்போல அந்தக் குரலைப் பார்த்து அடித்தான்.

"ஏனுங்க," என்று பனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது, "என்ற காலுகிட்டயே வந்து விழுந்திருக்குதுங்க."

பார்க்க எதுவும் இல்லாததால் தலை நிமிரவில்லை. அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் கண்ணை நம்பிக் கெட்டோம் என்று அவனுக்குத் தோன்றியது. அதன்பிறகு பனி இறங்கிய காலைகளிலெல்லாம் இருவரும் சேர்ந்தே மேட்டுக்குப் போனார்கள். மருதாயி குச்சியருகே நின்று ஒரு முறை கூவிவிட்டு, பக்கத்தில் இருந்த சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். அவன் மூச்சை விட்டுவிட்டு அடிப்பான். குரல் மெலிதாகக் கேட்டால் மட்டையைத் தோள்வரை கொண்டுபோனான். பக்கத்தில் கேட்டால் இடுப்போடு நிறுத்தினான். சரிவில் பந்து காலுக்கு மேலே கிடந்தால் அது இடப்பக்கம் இழுக்கும், ஆகவே கொஞ்சம் வலம் பார்த்து நிற்க வேண்டும் என்பதும் பழகப் பழகப் பிடிபட்டது. எதிர்கூவல் மட்டும் கொடுக்க மாட்டான். கொடுத்தால் மூச்சு கலைந்து கை ஆடுகிறது என்றான். மருதாயியும் சரி என்றுவிட்டாள்.

மார்கழியில் ஒரு நாள். மட்டையின் கைப்பிடி பனியில் நனைந்து வழுக்கியது. மருதாயி கூவினாள். அவன் அடிக்காமல் கைப்பிடியை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தான். மரத்துக்குப் பின்னால் நின்றவளுக்கு மட்டைச் சத்தம் கேட்கவில்லை, பதில் குரலும் இல்லை. சிறுவயதிலிருந்து காபித் தோட்டத்தில் செய்து பழகியதையே செய்தாள். வெளியே வந்து மறுபடி கூவினாள். கருப்பண்ணன் அந்தக் குரலுக்கு அடித்தான்.

பந்து குரல் வந்த இடத்துக்கே போயிருந்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில், மருதாயியின் இடது கண்ணில் இனிப் பார்வை வராது என்று சொன்னார்கள். திரும்பி வந்ததும் அவன் மட்டையைத் தூக்கிப் பரண்மேல் போட்டான்.

"நான் ஆடல புள்ள."

"ஆடாம? கண்ணும் போயி ஊடும் போவோணுமா?" என்றாள் மருதாயி. சத்தமாகச் சொல்லவில்லை. "மட்டைய எடுங்க."

எடுத்தான். தனியாகப் போய்க் குச்சியைப் பார்த்து அடித்துப் பழகினான். தலை இப்போது நிமிரவே இல்லை. பந்து எங்கே விழுகிறது என்று பார்க்கும் ஆசை அவனை விட்டுப் போயிருந்தது.

போட்டி நாள் நல்ல வெயிலோடு விடிந்தது. அன்று அவன் ஆடியதைப் பார்த்து முதலாளிகளே திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டார்கள். கிட்டத்து அடி ஒவ்வொன்றும் கொடியை ஒட்டி விழுந்தது. சூசைமாணிக்கம் மட்டும் அவனுக்கு ஈடுகொடுத்து ஆடி வந்தான். கடைசிக் குழிக்குப் போகும்போது இருவரும் சமம். அங்கே கொடிப்பக்கத்துச் சரிவில் ஒரு மரத்தடியில், கண்ணில் துணிக்கட்டோடு மருதாயி மற்றப் பெண்களுடன் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து பனி ஏறியது. கொடி மறைந்தது, ஆட்கள் மறைந்தார்கள். சற்றுப் பொறுக்கலாமா என்று சூசைமாணிக்கம் கேட்டான். விருந்து ஆறிப்போகும், முடித்துவிடுங்கள் என்றார் செக்ரட்டரி. சூசைமாணிக்கம் குத்துமதிப்பாக அடித்தான். பந்து கொடியிலிருந்து வெகுதூரத்தில், புல்தரையின் ஓரத்தில் நின்றுவிட்டதாகப் பனிக்குள்ளிருந்து யாரோ சொன்னார்கள்.

அடுத்தது கருப்பண்ணன் முறை. பனிக்குள்ளிருந்து மருதாயி கூவினாள்.

"யார்ரா அது?" என்றார் செக்ரட்டரி.

"அவன் சம்சாரமுங்க. கொடி எங்கன்னு சொல்லுதுங்க" என்றான் சூசைமாணிக்கம்.

"சரி சரி, சொல்லட்டும். நீ அடி."

குரல் எவ்வளவு தூரம் என்று கருப்பண்ணனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இடுப்புக்குச் சற்று மேலே மட்டையைக் கொண்டுபோனால் போதும். எதிர்கூவல் கொடுக்க வாயைத் திறந்தான். கூவாமலே மூடிக்கொண்டான். பதில் கிடைக்காமல் அவள் மறுபடியும் கூவினாள். அவன் காலை மாற்றி வலப்பக்கம் திரும்பி நின்றான். குரலை விட்டு நன்றாக விலகி, உண்ணிப் புதர் மண்டிய பள்ளத்தைப் பார்த்து அடித்தான். தவறிப்போன அடி இல்லை அது. எங்கே போக வேண்டுமென்று நினைத்தானோ, அங்கேதான் போனது.

சூசைமாணிக்கம் நிதானமாக உருட்டிக் குழியில் போட்டு ஜெயித்தான். அவனுக்கும் வீடில்லைதான். கருப்பண்ணன் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனான்.

மருதாயி எழுந்து வந்தாள். "நான் மரத்துக்குப் பொறகால நின்னுதானுங்க கூவினேன்."

"எனக்குத் தெரியலயே புள்ள."

"ஏனுங்க, ஒரு கண்ணக் குடுத்தவளுக்கு ஒதுங்கி நிக்கத் தெரியாதுங்களா?"

அவன் தலை குனிந்துகொண்டான்.

தை கடைசியில் லைன் வீட்டைக் காலி செய்தார்கள். வாழவந்தியில் மருதாயியின் தங்கை வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கத்தைத் தடுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ் ஏறினார்கள். சட்டி பானை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பார்வை போன கண் அவன் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் உட்கார அவனுக்கு மனம் ஒப்பவில்லை.

"நான் ஜன்னலுகிட்ட உக்காந்துக்கறேன், நீ இப்படி வா" என்றான்.

"அங்கயே உக்காருங்க" என்றாள் மருதாயி, திரும்பாமலே.