உப்பும் உமியும்

என் மனைவி தெல்மாவை, வாவிக்கு அப்பால் படுவான்கரை ஊர்களில் எல்லாரும் மாட்டு டொக்டர் என்கிறார்கள். அவள் டொக்டர் இல்லை. அரசாங்கக் கால்நடைக் கந்தோரில் ஊசி போடுவதும் சினை பார்ப்பதுமாகத் தலை நரைக்கும்வரை வேலை செய்துவிட்டு ஓய்வு பெற்றவள். ஓய்வு அவளுக்குத்தான், தொலைபேசிக்கு இல்லை. எந்த வயல் வட்டையில் எந்த மாடு விழுந்தாலும் கல்லடியில் எங்கள் வீட்டுத் தொலைபேசிதான் முதலில் அலறும். அவளுக்கு முழங்கால் வருத்தம், மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. ஆகையால் வெல்டிங் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு நான் சாரதியாகப் போகவேண்டும். வேர்னன் என்று எனக்கொரு பெயர் இருக்கிறது. அங்கே அது யாருக்கும் தெரியாது. மாட்டு மிஸ்ஸின் மனுசன், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் வாய் நிற்காது. கோயிலில் பிரசங்கத்தை இழுக்கிற பாதிரியார் முதல் மிச்சக்காசு தராத பஸ் கொண்டக்டர் வரை எல்லாரும் என்னிடம் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்த இடியன் துவக்கு விஷயத்தில் வருகிற கோபம் வேறு. குழலின் வாய்வழியாக வெடிமருந்தை இடித்து அடைக்கிற நாட்டுத் துவக்கு அது. கையில் பிடித்துச் சுடுகிறவன் எதிரே யார் நிற்கிறார் என்றாவது பார்ப்பான். இவர்கள் வயலுக்குள் நுழைகிற கடவையில் அதைக் கட்டிவைத்து, குறுக்கே கம்பி இழுத்துவிட்டு வீட்டில் போய் நிம்மதியாகப் படுக்கிறார்கள். பன்றிக்குக் கட்டினார்களாம்! பன்றி எது, பால்மாடு எது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எது என்று கம்பிக்குத் தெரியுமா?

கடையில் தோட்டா விற்பதில்லை. அதனால் வீட்டில் கிடக்கிற கண்டது கடியது எல்லாம் குழலுக்குள் போகும். மாடுகளின் உடம்பிலிருந்து எடுத்தவற்றைத் தெல்மா ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருக்கிறாள். சைக்கிள் சில்லுக்குள் இருக்கிற போல்ஸ் குண்டு, வலை ஈயம், சோடாப் போத்தல் துண்டு, ஒரு தரம் கதவுப் பூட்டின் பாதித் திறப்பு. அந்த வீட்டுக்காரன் கதவை உடைத்துத்தான் உள்ளே போயிருப்பான். என் கடைக்கும் குழாய்த் துண்டோடு சிலர் வருவார்கள். எதற்கு என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். ஏசித் துரத்திவிடுவேன்.

துவக்குக்குள் என்ன போட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே பதில். "கல்லுப்பும் உமியும்தான். சுள்ளெண்டு குத்தும், பண்டி ஓடிரும்." அந்த டின்னை அவர்கள் முகத்துக்கு முன்னால் குலுக்கினாலும் பதில் மாறாது.

போன மாசியில் யதுர்ஷன் என்கிற இளம் விவசாயி கூப்பிட்டான். பழுகாமத்துக்கும் அப்பால் அவனுடைய வயல். நாங்கள் போனபோது பசு வரம்போரம் விழுந்து கிடந்தது. முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவன் மனைவி சுகிர்தா பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த பசு அது.

"என்ன தம்பி நடந்தது?" என்று தெல்மா கேட்டாள்.

"கடவைக்குள்ள பாஞ்சிட்டு மிஸ். நான் குழை கட்டித்தான் வச்சன். அத இது திண்டுட்டு."

துவக்குக் கட்டுகிறவர்கள் கடவைக்கு முன்னால் ஒரு தடியில் இலைக்கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது தெரியும், கண்டதும் விலகிப் போவார்கள். இவன் நல்ல பச்சைப் பூவரசங்குழையாகப் பார்த்துக் கட்டியிருக்கிறான். பசு எச்சரிக்கையை ஆறுதலாகத் தின்று முடித்துவிட்டு உள்ளே நடந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவன் கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போலவும் வந்தது.

தெல்மா காயத்தைக் கழுவி, குறட்டால் துழாவி, துருப்பிடித்த நட்டு ஒன்றை வெளியே எடுத்தாள்.

"இதுதான் உன்ட உப்பா?"

"அது என்டதில்ல மிஸ். நான் உப்பும் உமியும்தான் போட்டன். அது எப்பவோ ஆரோ சுட்டதாயிருக்கும்."

"எப்பவோ சுட்டதுக்கு எலும்பு இண்டைக்கா முறியும்?"

அந்தக் கால் இனி ஒட்டாது என்று தெல்மாவுக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. மிருக வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்னாள். பிறகு கையைத் துடைத்தபடி, "வேற எங்க கட்டியிருக்காய்?" என்று கேட்டாள். அவன் மண்ணைப் பார்த்தான். சுகிர்தாவின் கண் மட்டும் மேற்குப் பக்கக் கடவைக்குப் போய்த் திரும்பியது.

"அதுக்குள்ளயும் உப்புத்தானா?"

"ஓம் மிஸ்."

"போய்க் கழட்டு."

"ஏலாது மிஸ். நெல்லு இன்னும் வெட்டல்ல. பண்டி இறங்கினா முழுக்க உழுதிரும். அதுக்குப் பிறகு எங்களுக்கு ஆரு சோறு போடுறது?"

அது பொய்யில்லை. பக்கத்து வயலைப் பன்றி கிண்டிப் போட்டிருந்ததை நானும் கண்டேன். முறைப்பாடு கொடுக்கப் போகிறவனை ஒவ்வொரு கந்தோரும் அடுத்த கந்தோருக்கு அனுப்புவதும் எனக்குத் தெரியும். அந்த ஆத்திரம் எனக்கும் உண்டு. அதற்காக?

தெல்மா அவனோடு வாதாடவில்லை. நொண்டி நொண்டி வரம்பில் நடந்தாள். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். மேற்குக் கடவையில் இலைக்கொத்து வாடித் தொங்கியது. அதற்கு அப்பால் புல்லுக்குள் மெல்லிய கம்பி ஓடியது. இரண்டு கட்டைகளில் கட்டிய குழாயின் வாய் கடவையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கம்பிக்கு முன்னால் நின்று அவள் திரும்பினாள்.

"உப்புத்தானே, மனே?"

"ஓம் மிஸ்."

"அப்ப நான் நடந்து போறன். சுள்ளெண்டு குத்தும், அவ்வளவுதானே."

செருப்பைக் கழற்றி வைத்தாள். பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்தாள். வருத்தக் காலை ஊன்றி, மற்றக் காலைத் தூக்கினாள். யதுர்ஷன் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கால் முன்னுக்குப் போனது.

"மிஸ்! கால வைக்காதீங்க!" சுகிர்தா கத்திக்கொண்டு பாய்ந்தாள். "போல்ஸ்! சைக்கிள் போல்ஸ் மிஸ்! நான்தான் மண்ணெண்ணெயில கழுவிக் குடுத்தன்!"

தெல்மாவை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்தாள். இரண்டு பேரும் வரம்பில் விழுந்தார்கள்.

தெல்மா எழுந்து பாவாடையில் ஒட்டிய சேற்றைத் தட்டினாள். அவனைப் பார்த்து, "வெடிக்க வை" என்றாள்.

அவன் கம்பியில் நீளமாகக் கயிறு கட்டினான். எல்லாரும் வரம்புக்குப் பின்னால் படுத்தோம். அவன் இழுத்தான். வயலில் இருந்த கொக்கெல்லாம் எழும்பின. போய்ப் பார்த்தபோது கடவையின் எதிர்ப்பக்கக் கட்டையில், தெல்மாவின் முழங்கால் உயரத்தில், மரம் சிதறியிருந்தது. ஒரு துளைக்குள் என் சுண்டுவிரல் முழுக்கப் போனது.

அப்போதுதான் யதுர்ஷனுக்குக் குரல் வந்தது. "மிஸ் சும்மா வெருட்டுறீங்க எண்டு நினைச்சன்."

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவன் அப்பனையும் இழுத்தேன். "விடுங்க" என்று தெல்மா சொன்னதால் விட்டேன். ஆனால் அந்தக் குழாயைக் கட்டையிலிருந்து பிடுங்கி, கல்லில் வைத்து, மண்வெட்டிப் பின்புறத்தால் அது நசுங்கி வளையும்வரை அடித்தேன். அவன் தடுக்கவில்லை. மிருக வைத்தியர் வந்து, வேறு வழியில்லை என்று சொல்லி, பசுவுக்குக் கடைசி ஊசியைப் போட்டார். சுகிர்தா புருசன் பக்கம் திரும்பவேயில்லை.

திரும்பும்போது பட்டிருப்புப் பாலம் வரும் முன்னமே எனக்கு மறுபடி பற்றிக்கொண்டது.

"உனக்கு விசராடி? கால் போயிருந்தா? உயிர் போயிருந்தா? அந்தப் படுபாவி பாத்துக்கொண்டு நிண்டானே, தெல்மா! குழலுக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரிஞ்சும் வாயத் திறக்காம மரமா நிண்டானே!"

பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "நீங்களும்தான் நிண்டீங்க."

"நானா?"

"பசுட காலுக்குள்ளயிருந்து நட்டு எடுத்தத நீங்களும் பாத்தீங்க. உப்பு இல்லையெண்டு உங்களுக்குத் தெரியாதா? என்ட கால் அந்தரத்தில நிண்டது. கத்தினது அந்தப் பொடிச்சி மட்டும்தான்."

"நீ சும்மா வெருட்டுறாய் எண்டு நினைச்சன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் சொன்ன சொல் என்று எனக்கு உறைத்தது. பாலம் போனது, களுதாவளையும் போனது. கல்லடியில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்வரை நான் வாய் திறக்கவில்லை.