அக்காவுக்கென்று திறந்த மாத் தகரம்

என் அக்காவின் முழங்கைகளிலும் முழங்கால்களிலும் சிறுவயது முதலே கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக எழும்பும். அரிப்புத் தாளாமல் சொறிவாள்; உடைந்து நீர் வடியும்; ஆறுமுன் அடுத்தவை கிளம்பும். கோதுமையிலுள்ள ஒரு புரதத்தை எதிர்க்கப் புறப்பட்ட உடல் தன் தோலையே தாக்கும் நோய் அது. அன்று அதை எவரும் அறியார். எங்கள் வீட்டிலோ ரொட்டி அந்தஸ்தின் அடையாளம். பினாங்கில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த அப்பா காலையில் ரொட்டியும் வெண்ணெயும் உண்டார். ஆகவே நாங்களும் உண்டோம்.

ஜப்பானியர் வந்தபின் ரொட்டிக் கடைகள் மூடின. அரிசியும் அருகியது. பூச்செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டோம். கூலிகளின் உணவென்று முகம் சுளித்தபடியே அம்மா அதை அவித்தார். ஓராண்டு கடந்தபோது அக்காவின் கைகளில் வடுக்கள் மட்டுமே மிஞ்சின. கோயிலுக்கு வைத்த நேர்த்திக்கடன் பலித்ததென்று அம்மா நம்பினார்.

மணமாகாத பெண்களைப் படைவீரர்கள் இழுத்துச் செல்வதாகப் பேச்சு. தாலி ஏறினால் விட்டுவிடுவார்கள் என்பது எல்லோருடைய நம்பிக்கை. கடலுக்கு அக்கரையில், பெருநிலத்துத் தாசேக் கெலுகோரில், தோட்டக் கணக்கெழுதும் ஒரு கிராணியின் மகன் வரனாக அமைந்தான். அக்கா தப்பிக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

கன்னம் ஒட்டிய பெண்ணை மணவறையில் இருத்துவது எங்களவர்க்கு அவமானம்; முன்கூட்டியே ஊட்டி உடம்பைத் தேற்றுவார்கள். வெள்ளைக்காரர் ஓடிய நாள்களில் துறைமுகக் கிடங்கிலிருந்து மாமா தூக்கிவந்த கோதுமை மாத் தகரம், ஈயம் பற்றவைத்தபடியே கட்டிலின் கீழ் இருந்தது. அம்மா அதை வெட்டித் திறந்தார். அக்காவுக்கு ரொட்டி, எங்களுக்கு வாசனை.

"எனக்குக் கிழங்கே போதும், அம்மா. தங்கச்சிக்குக் குடுங்கோ."

"விசர்க் கதை கதையாதை. மரவள்ளி திண்டு முகம் சாம்பலாப் போச்சு. மாப்பிள்ளை வீட்டார் பேயெண்டு நினைக்கவோ?"

"வயிறு ஊதுது."

"ஊதட்டும். கன்னமும் சேர்ந்து ஊதினால் காணும்."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

சில வாரங்களில் முழங்கை அரிக்கத் தொடங்கியது. உடம்பில் சத்துப் போதவில்லை என்று முடிவுசெய்த அம்மா ரொட்டியைக் கூட்டினார். கொப்புளங்களை மறைக்க நீளக் கைச் சட்டை தைத்தார்.

மணநாள் காலையில் பால் அறுகு வைத்தார்கள். அறுகம்புல்லைப் பாலில் தோய்த்துப் பெண்ணின் தலையில் வைத்தபின் நீராட்டுவது வழக்கம். பசும்பால் கிடைக்காததால் தேங்காய்ப்பால். மாப்பிள்ளையின் தமக்கை வைத்தபோது பால் தோள்வழி இறங்கிச் சட்டைக் கையை நனைத்தது. துணி புண்ணில் ஒட்டியது. வலி பொறுக்காத அக்கா சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டாள்.

"ஐயோ, பெருவியாதியெல்லோ! நான் தொட்டுப்போட்டன்!"

"சூட்டுக் கொப்புளம், பிள்ளை. ரெண்டு நாளிலை மாறிடும்," என்று அம்மா கெஞ்சினார்.

"உந்தச் சூடு உங்கட வீட்டோடை இருக்கட்டும்."

அவர்கள் படகேறிவிட்டார்கள். பேச்சு தெருவில் பரவி அதிகாரிகளை எட்டியது. தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்கும் சிறு தீவுக்கு அவர்களைக் கொண்டுபோக வந்த லாரி எங்கள் வாசலில் நின்றது. மருத்துவர் எவரும் அக்காவைப் பார்க்கவில்லை. மறுத்தால் குடும்பம் முழுவதையும் ஏற்றிவிடுவார்கள் என்று அப்பா கருதினார். அவர் கருதியது தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஜப்பானியர் அனுப்பியது அந்த லாரியை மட்டுமே. மற்றவை யாவும் எங்கள் வீட்டில் நடந்தவை. மிஞ்சிய மாவில் சுட்ட ரொட்டியை அம்மா துணியில் முடிந்து அவளிடம் கொடுத்தார்.

தீவில் மரவள்ளி மட்டுமே கிடைத்தது. கொப்புளங்கள் ஆறின. போர் முடிந்து அக்கா திரும்பியபோது தோல் தெளிவாக இருந்தது. ஆயினும் அவள் தொட்ட தண்ணீர்க் குழாயை அண்டை வீட்டார் சாம்பலிட்டுத் தேய்த்தார்கள். எந்த வரனும் அதன்பின் எங்கள் படியேறவில்லை.

ரொட்டிக்காரர் மீண்டும் தெருவுக்கு வந்த முதல் காலையில் அம்மா ஓடிப்போய் வாங்கினார். தடித்த துண்டாக வெட்டி அக்காவின் தட்டில் வைத்தார்.

"தின், பிள்ளை. தீவிலை உனக்கு என்னத்தைத் தந்திருக்கப் போறாங்கள்."

அக்கா தின்றாள்.