கல் வைக்காமல் நின்ற கார்

பிள்ளைகளே, டயகம ரோட்டில் நம் பழைய கார் கானுக்குள், அந்த ரோட்டோர வடிகாலுக்குள், இறங்கியபோது நீங்கள் இருவரும் கைதட்டிச் சிரித்தீர்கள். அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தீர்கள். இப்போது வண்டி ஓட்டப் பழகக் கேட்கிறீர்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அந்தக் காருக்கு என்னைவிட வயது அதிகம். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடி விட்டுவிடும். அட்டன் கராஜில் வேலை செய்யும் உங்கள் மாமா, உடைந்த ஜப்பான் கார் ஒன்றிலிருந்து டிஸ்க் பிரேக் சாமான்களைக் கழற்றி வந்து முன்சக்கரங்களுக்குப் பூட்டினார். பிரேக் மிதியோடு சேர்ந்து ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பழையது. ஒழுகவில்லையே என்று விட்டுவிட்டோம்.

நாம் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளின், அந்த லயத்தின், சரிவில் எந்த வண்டி நின்றாலும் சக்கரத்துக்குக் கல் வைப்போம். அன்று மாமா ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, கல்லையும் காலால் தள்ளிவிட்டார். கார் அசையவில்லை.

“பாத்தீங்களா மச்சான்! இனி இந்தக் கல்லக் கொண்டுபோய் துணி தொவைக்கப் போடுங்க.”

லயத்து ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள். “பிரேக்குன்னா இதுதாங்க பிரேக்கு!” எனக்கும் பெருமைதான். மிதிக்காமலே ஏன் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நானும் அம்மாவும் மாமாவும் கோயிலுக்குப் புறப்பட்டோம். பனிமூட்டம். பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டேன். கார் தாராளமாக உருளவில்லை. எதுவோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வந்தது.

“புதுசுதானே, தேய்ஞ்சா சரியாயிரும்,” என்றார் மாமா.

பிறகு ஒரு வாடை.

“ஃபெக்டரியில தேயிலத் தூள் கருகுதோ?” என்றாள் அம்மா.

“இன்னைக்கு ஃபெக்டரி ஓடாதேக்கா.”

அடுத்த வளைவில் மிதித்தேன். மிதி தரைவரை போனது, திரும்பி வரவில்லை. இடப்பக்கம் பள்ளம். பின்னால் நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தீர்கள். கியரைத் திணித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்துக் கானுக்குள் காரை இறக்கினேன்.

மாமா சக்கரத்தைத் தொட்டுக் கையை உதறினார். அப்போதுதான் காரணத்தைச் சொன்னார். டிரம் பிரேக்குக்காக அந்தப் பழைய சிலிண்டருக்குள் ஒரு வால்வு இருக்கிறது. காலை எடுத்தாலும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது விட்டுவைக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது. விடாமல் கவ்விக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் பிரேக் ஒயில் கொதித்து ஆவியாகி, மிதித்தாலும் அழுத்தம் போகாமல் ஆகிவிட்டது. சரிவில் நாங்கள் மெச்சியது அந்தக் கவ்வலைத்தான்.

“ஆறட்டும் மச்சான், சாயங்காலம் நானே ஓட்டிட்டு வந்துர்றேன்,” என்று சொல்லிவிட்டு மாமா அம்மாவோடும் உங்களோடும் பஸ் ஏறினார்.

நான் மட்டும் நின்றேன். சக்கரம் ஆறியதும் உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். மிதி கல்லுபோலக் கெட்டியாக நின்றது. ஒன்றுமே நடக்காதது மாதிரி. சாயங்காலம் மாமா வந்து மிதித்தாலும் நம்பி ஓட்டிவிடுவார்.

ஜாக்கை வைத்து, ரோட்டுப் பக்கத்து முன்சக்கரத்தைக் கழற்றினேன். அதை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு மேட்டில் நடந்தேன்.