ஜீப் பிரேக்கும் நான் சொன்ன பதிலும்

போன ஆவணி மாதம் நடந்தது இது. மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. வாசலை ஒட்டித் தகரம் போட்ட ஷெட்டில் ஒரு பழைய ஜீப் நிற்கிறது. நிற்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஓடுகிறது என்று சொன்னால் எங்கள் தெருவே சிரிக்கும்.

என் வீட்டுக்காரர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஐந்து வருடத்துக்கு முன்னால், தேனிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏலக்காய் மூட்டை சுமந்து ஓய்ந்து கிடந்த இந்த ஜீப்பைப் பார்த்து மயங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மலை ஏறும், ஆற்றில் இறங்கும், சேற்றில் போகும் என்றார். எங்கள் குடும்பத்தில் மலையிலோ சேற்றிலோ யாருக்கும் எந்த ஜோலியும் கிடையாது. அதைச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சாமானும் அதனதன் இடத்தில் இருந்ததில்லை. இட்லிச் சட்டியில் கார்புரேட்டர் ஊறும். கடலெண்ணெய் வைக்கிற இடத்தில் கியர் ஆயில் டப்பா உட்கார்ந்திருக்கும். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். துணியில் கோடு போட வைத்திருக்கும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போய் டயரில் அடையாளம் போட்டு வைப்பார். கேட்டால், அவசரத்துக்கு எடுத்தேன் என்பார். வருடக்கணக்காக நிற்கிற வண்டிக்கு என்ன அவசரம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மெக்கானிக்கிடம் விட்டுவிடலாமே என்று வாயைத் திறக்கக் கூடாது. அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கோரிப்பாளையத்தில் ஒரு போல்ட் வாங்கினால்கூட, கடைக்காரர் முன்னாலேயே பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்து பார்ப்பார். செல்போனில் ரிப்பேர் வீடியோ பார்ப்பார். அதில் பேசுகிறவரை நம்பாமல் அடுத்த வீடியோ பார்ப்பார்.

இந்த ஜீப் விவகாரத்தில் எனக்கும் ஒரு உத்தியோகம் உண்டு. பிரேக் மிதிப்பது. பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு, ஒரு சின்ன நட்டைத் திறந்து காற்றோடு ஆயிலையும் வெளியே விட வேண்டும். "மிதி, மிதி, மிதி, அமுக்கிப் பிடி, விடு" என்று கீழேயிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். நான்கு சக்கரத்துக்கும் இதே பாட்டுத்தான். எல்லாம் முடிந்ததும் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது கெட்டியாக நிற்கிறதா, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறதா என்று நான் சொல்ல வேண்டும். நின்றால் வேலை முடிந்தது. இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மனிதர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தலைக்கு மேல் வேலை. மறுநாள் முகூர்த்தம். மூன்று ஜாக்கெட்டில் இரண்டுக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இவர் பின் சக்கரத்து பிரேக்குக்குப் புது வீல் சிலிண்டர் மாட்டிவிட்டு, ரெண்டே நிமிசம் வந்து மிதி என்று கூப்பிட்டார். காலையிலிருந்து தையல் மிஷின் மிதித்து மரத்துப்போன கால். இரண்டு நிமிடம் முக்கால் மணி நேரமானது. கொசு பிடுங்கித் தின்றது. உள்ளே குக்கர் எத்தனையாவது விசில் என்று தெரியாமல் கத்திக்கொண்டிருந்தது. ஜாக்கெட் வாங்க வந்த அக்கா கேட்டுக்கு வெளியே நின்று, ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியாக ஒரு தடவை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். பெடல் நின்றது. பிறகு என் பாதத்துக்கு அடியில் மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்க ஆரம்பித்தது. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நிக்குதா, இறங்குதா?" என்றார் கீழேயிருந்து.

"நிக்குது."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அதான் நிக்குதுங்கிறேன்ல." செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டேன்.

அதற்கப்புறம் அந்தப் பொய்யை நான் நினைக்கக்கூட இல்லை. தெருமுனையைத் தாண்டாத வண்டிக்குப் பிரேக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பது என் எண்ணம்.

மறுநாள் காலையில் அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். நாலைந்து தடவை பிரேக் போட்டுப் பார்த்தார். வண்டி நின்றது. அந்தச் சந்தோஷத்தில், பேரையூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு ஜீப்பிலேயே போய்வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். ஒன்பதாவது படிக்கும் எங்கள் மகள், "நானும் வாரேன்" என்று தொற்றிக்கொண்டாள். நான் ராத்திரி வேலை செய்த அசதியில் வாசலுக்குக்கூட வரவில்லை. படுத்துக்கொண்டே, போய்ட்டு வாங்க என்றேன்.

அரை மணி நேரம் கழித்து ஷெட்டைக் கூட்டப் போனேன். பின் சக்கரம் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புதிதாக ஈரம். முந்தின நாள் சிந்தியதை எல்லாம் அவர் துணி போட்டுத் துடைத்திருந்தார். இது ராத்திரி முழுக்கச் சொட்டியது. விரலால் தொட்டேன். வழவழவென்று பிரேக் ஆயில். என் கால் அந்தப் பெடல் இறங்கியதை மறுபடியும் உணர்ந்தது.

போன் போட்டேன். எட்டு தடவை போட்டேன். அந்த ஜீப் போடுகிற சத்தத்தில் இடி விழுந்தாலே கேட்காது, போன் எங்கே கேட்கும்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ரிங் ரோட்டில் விழுந்தடித்துப் போனேன். வீட்டைப் பூட்டினேனா என்ற யோசனையே திருமங்கலம் தாண்டித்தான் வந்தது. வழி நெடுக அவரைத் திட்டினேன். ஜீப்பைத் திட்டினேன். அதை இவர் தலையில் கட்டிய தோட்டக்காரரைத் திட்டினேன். ஆட்கள் எல்லாம் தீர்ந்துபோய் நான் மட்டும்தான் மிச்சம் இருந்தேன். ரோட்டோரம் நாலு பேர் கூடி நின்றாலே வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன்.

கல்லுப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் செம்மறி ஆடுகள் சிதறி நின்றன. உழுது போட்டிருந்த கரிசல் காட்டுக்குள் டயர் தடம் நீளமாகப் போயிருந்தது. அது முடிகிற இடத்தில் சீமைக்கருவேலப் புதருக்குள் முன்பாதி புதைந்து, ஜீப்பின் முதுகு மட்டும் தெரிந்தது. ஸ்கூட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

மகள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் முள் கீறல். கீழுதடு கிழிந்து துப்பட்டாவில் இரத்தம். என்னைப் பார்த்ததும், "ஆடு ஒண்ணும் சாகலம்மா" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆடுகள் திடீரென்று குறுக்கே வந்திருக்கின்றன. எதிரே லாரி. மிதித்த பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. இவர் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டே காட்டுக்குள் திருப்பியிருக்கிறார். உழுத மண்ணும் புதரும்தான் வண்டியை நிறுத்தின.

ஆட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று, "நிப்பாட்ட முடியாத வண்டிய எதுக்குய்யா ரோட்டுக்குக் கொண்டாந்த? அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவ?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணே, நேத்துத்தான் பிரேக் பாத்தோம். எங்க வீட்டம்மா மிதிச்சுப் பாத்து நிக்குதுன்னாங்க. தையல் மிஷின் மிதிக்கிற காலு, தப்பாச் சொல்லாது. இது வேற என்னமோ கோளாறு" என்றார் இவர்.

நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. என்னைத் திருப்திப்படுத்தச் சொல்லவில்லை. வாங்கிய போல்ட்டை அளந்து பார்க்கிற மனிதர், முன்பின் தெரியாத ஒருவரிடம் எனக்காக வழக்காடிக்கொண்டிருந்தார். எனக்கு நின்ற இடத்திலேயே கூசிப்போனது.

பிறகு அவர் வழக்கம்போல ஸ்பேனரோடு ஜீப்புக்கு அடியில் புகுந்துவிட்டார். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்தக் கால்களிடம்தான் சொன்னேன்.

"ஏங்க, நேத்து பெடல் நிக்கல. இறங்குச்சு. எனக்குத் தெரியும். முடிஞ்சாப் போதும்னு மாத்திச் சொல்லிட்டேன்."

ஸ்பேனர் சத்தம் நின்றது. வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எம்புட்டு இறங்குச்சு?"

இந்த மனிதரை என்னதான் செய்வது. "ஒரு இஞ்ச் இருக்கும். மெதுவாத்தான் இறங்குச்சு" என்றேன்.

"அப்ப குழாய் மூட்டுலதான்" என்றார். தேடிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் கரிசல் மண். புது சிலிண்டரில் குழாய் சேரும் இடத்து நட்டு சரியாக முறுக்கப்படவில்லையாம், பிரேக் போடப் போட ஆயில் அது வழியாகவே கசிந்து தீர்ந்துவிட்டதாம். "நேத்தே சொல்லியிருந்தா ஒரு திருகு திருகியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முழுச் சாயங்காலமும் போய்விடும் என்று பயந்து நான் தட்டிக்கழித்த வேலை, ஒரே ஒரு திருகு. கல்லுப்பட்டியில் மகளின் உதட்டுக்கு இரண்டு தையல் போட்டார்கள்.

ஜீப் திரும்பி வந்து அதே ஷெட்டில்தான் நிற்கிறது. இந்த வாரம் அதன் ரேடியேட்டர் எங்கள் குளியலறையில் குடியிருக்கிறது. வந்து மிதி என்று அவர் கூப்பிடும்போது எனக்கு இப்போதும் எரிச்சல் பற்றிக்கொண்டுதான் வருகிறது. முணுமுணுத்துக்கொண்டே போய் உட்காருகிறேன், இறங்கினால் இறங்குகிறது என்று சொல்கிறேன். மகளின் கீழுதட்டில் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது. நான் அலுப்பில் சொன்ன ஒற்றை வார்த்தையை நம்பி இரண்டு பேர் ரோட்டுக்குப் போனார்கள் என்பதை, அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் பார்க்க வேண்டியிருக்கிறது.