ஆல்பங்களில் தேடிய சுவர்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். வேலை கிடைத்த கையோடு 'கலை வரலாற்று ஆய்வாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்து, வடபழனியில் எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர் வரைக்கும் கொடுத்தேன். அம்மா ஒரு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் படம் வரைவேனா என்று கேட்டாள். இல்லை, காணாமல்போன படங்களைத் தேடிப் பிடித்து, யார் வரைந்தது என்று கண்டுபிடிப்பேன் என்றேன்.

"ஏன், வரைஞ்சவன் கீழ பேரு எய்த மாட்டானா?"

அதற்குப் பதிலாகப் பெரிய விளக்கம் ஒன்று சொன்னேன். அம்மா பாதியிலேயே குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

வேலை அடையாறில் ஒரு சின்ன ஆய்வு மையத்தில். சினிமாவுக்கு செட் வரைந்து காலம் தள்ளிய ஓர் ஓவியரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவர் கையால் வரைந்ததில் மிச்சமிருந்தவை சில பென்சில் படங்கள் மட்டும். ஆனால் தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடைச் சுவர் முழுக்க அவர் வண்ணத்தில் வரைந்திருந்தார் என்று தெரிந்தது. பின்னாளில் யாரோ அதன்மேல் பிளைவுட் அடித்து, பட்டுத்துணி தொங்கவிட்டிருந்தார்கள்.

நான் போன நேரத்தில் மண்டபத்துக்காரர் அந்த மேடையில் எல்.இ.டி. திரை மாட்ட ஆள் பேசிக்கொண்டிருந்தார். திரையைத் தாங்க இரும்புச் சட்டம். சட்டத்துக்குச் சுவர் முழுக்கத் துளை. ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, அப்போது வேலையை முடித்துவிடுவார்களாம். பிளைவுட்டுக்குப் பின்னால் பொக்கிஷம் இருக்கிறது என்று என் கார்டை நீட்டினேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அம்மன் கீதுன்னா கை வெக்க மாட்டேம்மா. சும்மா பூவு, கிளின்னா அது வேற."

அம்மன் இருக்கிறதா என்று தெரியாது. கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பிளைவுட்டைக் கழற்றாமல் சுவரைப் பார்க்க ஒரே வழி, அது மூடப்படுவதற்கு முன் அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்களின் ஆல்பங்கள். மயிலாப்பூர், அபிராமபுரம், தேனாம்பேட்டை என்று வீடு வீடாகப் போனேன். கல்யாண ஆல்பம் கேட்டு வரும் இளம்பெண்ணை யாரும் ஆய்வாளர் என்று நினைப்பதில்லை. ஓரிடத்தில் என்னை ஜாதகம் கொண்டுவந்த புரோக்கர் என்று உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். காபி நன்றாக இருந்ததால் குடித்து முடித்த பிறகுதான் மறுத்தேன். அபிராமபுரத்து மாமி ஒருவர் ஆல்பத்தின் பட்டர் பேப்பரை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டியபடி, "ஊரார் கல்யாணத்தையெல்லாம் பாத்துண்டே இருக்கியே, உன்னோடது எப்போ?" என்று கேட்டார். ஆய்வு முடிந்ததும் என்றேன்.

சுவரில் என்ன படம் இருந்தது என்று கேட்டால் ஒருவர் முருகன் என்றார், ஒருவர் பெருமாள் என்றார். அன்றைய சாம்பாரைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து இருந்தது.

படங்களிலோ சுவரின் ஓரங்கள்தான் தெரிந்தன. கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர், தலை நிறையப் பூ வைத்த பெண்கள், நாயனக்காரர், ஒரு கிளி. எல்லோருடைய முகமும் நடுவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பல கைகள் உயர்ந்திருந்தன. நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. எந்த ஆல்பத்தை எடுத்தாலும் அந்த இடத்தை மணமக்கள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். காலி மேடையைப் படமெடுக்க எந்த போட்டோகிராபருக்கும் தோன்றவில்லை.

நடுவில் இருப்பது என்னவென்று எனக்கு மட்டும் தோன்றிவிட்டது. ஒரே ஒரு வரவேற்புப் படத்தில் மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் பழுப்பாக ஒரு வளைவு தெரிந்தது. வீணையின் நுனி என்று முடிவு செய்தேன். வீணை என்றால் சரஸ்வதி. உயர்ந்த கைகள் பூத்தூவி வணங்குகிற கைகள். மேடையின் நடுவே கல்விக்கு அதிபதியான ஒரு பெண்! ஓவியர் காலத்தை மீறிச் சிந்தித்திருக்கிறார் என்று இரண்டு பக்கம் எழுதினேன். வீட்டில் முதன்முதலாகப் படித்தவளுக்கு எங்கே பார்த்தாலும் சரஸ்வதிதான் தெரிவாள் என்பது அப்போது உறைக்கவில்லை. மையத்தின் தலைவி படித்துவிட்டு, பார்க்காததை எழுதாதே என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நேரே மண்டபத்துக்குப் போய், அம்மன் இருக்கிறாள், சரஸ்வதி என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆடி பிறந்ததும் பலகையைக் கழற்றினார்கள். மண்டபத்துக்காரர் தேங்காய், கற்பூரத்தோடு நின்றார். எல்.இ.டி. திரைக்காரர், அம்மன் இல்லாவிட்டால் வேலையை ஆரம்பிக்க, துளை போடும் இயந்திரத்தோடு ஓரமாக நின்றார். பலகைக்குப் பின்னாலிருந்து தலைப்பாகைக்காரர் வந்தார், பெண்கள் வந்தார்கள், கிளி வந்தது. நடுப்பலகை விழுந்தது.

ஒன்றுமில்லை. வெறும் சுண்ணாம்பு.

என் வீணை அந்த வரவேற்புக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலியின் முதுகு. வேறென்னவாக இருக்க முடியும்?

"இன்னாம்மா, அம்மன் எங்க?" என்றார் மண்டபத்துக்காரர்.

உதிர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பழைய சுவர், நம்பியிருப்பார், கையும் வைத்திருக்க மாட்டார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது சாந்து முழுசாக இருந்தது. ஒரு பொட்டு வண்ணம் அதில் பட்டதே இல்லை. அப்போதுதான் உயர்ந்த கைகளுக்கு முன்னால், எந்த ஆல்பத்திலும் தெரியாத பொடிப் பொடி மஞ்சள் புள்ளிகளைப் பார்த்தேன். அரிசி. எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் வேறென்ன போடுவார்கள்?

"அம்மன் இல்ல சார். நான் தப்பா சொல்லிட்டேன். நடுவுல ஓவியர் எதுவுமே வரையல. இவங்கல்லாம் கல்யாணத்துக்கு வந்தவங்க. பொண்ணு மாப்பிள்ளை வந்து நிக்கிறதுக்கு எடம் வுட்டுருக்காரு."

திரைக்காரர் பிளக்கைச் செருகினார். மண்டபத்துக்காரர் தேங்காயை என் கையில் கொடுத்துவிட்டு மேடை ஏறினார். அந்த வெற்றுச் சுவருக்கு முன்னால் போய் நின்று இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"எல்லாரும் நம்மளையே பாக்குறாங்கடா," என்றார் திரைக்காரரிடம். மேடையிலிருந்து இறங்கி வந்து, "ஸ்கிரீன டைனிங் ஹால்ல மாட்டு," என்றார்.

மையத்துக்குத் திரும்பி அந்த இரண்டு பக்கங்களை அழித்தேன். அந்த இடத்தில், ஓவியர் நடுவை மணமக்களுக்காகக் காலியாக விட்டிருந்தார் என்று ஒரு வரி எழுதினேன். தலைவி அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, இதுதான் கண்டுபிடிப்பு என்றார். தலையாட்டினேன். அழிப்பதற்கு முன் சரஸ்வதியை இன்னொரு தடவை படித்துப் பார்த்திருந்தேன். தப்புதான். ஆனால் நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.